முதலில் அந்த ரேமைக் கழற்றுங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் தொழில் பழகிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நான் ஆரணியில் 22 வருடமாக சர்வீஸ் கடை வைத்திருப்பவள். உங்களில் நாலைந்து பேர் என் கடையில்தான் முதல் ஸ்க்ரூவைக் கழற்றினீர்கள். மற்றவர்களை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் உங்களிடம் போய்விட்டு என்னிடம் வருகிறவர்களும், என்னிடம் வந்துவிட்டு உங்களிடம் போகிறவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு வைகாசி மாதம். பக்கத்து ஊரில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிற அண்ணன் ஒருவர், சிஸ்டத்தைப் போர்வையில் சுற்றி மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு மத்தியான வெயிலில் வந்து இறங்கினார். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ரேம் ஒண்ணு கூடுதலா போட்டேம்மா. அன்னிலேருந்து வேலை பாத்துக்கிட்டிருக்கும்போதே அதுவா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. கையில அஞ்சு கல்யாணம் இருக்குது. தூக்கமே இல்ல."

ஒன்பதாம் தலைமுறை ஐ5, இரண்டே ரேம் ஸ்லாட் உள்ள சாதாரண போர்டு, 8 ஜிபி டிடிஆர்4. ஆல்பம் டிசைன் போட்டோஷாப்பில் இழுக்கிறது என்று இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கி, மகனை டார்ச் அடிக்கச் சொல்லி, அவரே சொருகியிருக்கிறார். முதல் நாள் சாயங்காலமே ரீஸ்டார்ட். அவர் ஊருக்கு அருகிலிருந்த கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே விண்டோஸை ஃபார்மட் அடித்தார்கள். மறுநாளும் ரீஸ்டார்ட். எஸ்எம்பிஎஸ் மாற்றினார்கள். மறுபடியும் ரீஸ்டார்ட். கடைசியில், "போர்டு போச்சுண்ணா, பிராசஸரோட சேத்து மாத்திடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மொத்தம் எட்டு நாள்.

அந்த எட்டு நாளில் ஒரு தடவைகூட, ஒருவர்கூட, புதிதாகப் போட்ட அந்த ரேமைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கவில்லை.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கடையில் இருந்தவரும் உங்களைப் போல ஒரு தம்பியாகத்தான் இருந்திருப்பார். முகூர்த்த மாதம், மேசை நிறைய சிஸ்டம், ஃபார்மட் போட்டுவிட்டால் அடுத்ததைப் பார்க்கலாம் என்ற அவசரம். 2008 வாக்கில் நானே அப்படிச் செய்து, எம்ஃபில் படிக்கிற ஒரு பெண்ணின் டைப் செய்த அத்தியாயங்களை இழக்க வைத்திருக்கிறேன். அந்தப் பெண் கடையில் நின்று அழுதது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நேற்று வரை நன்றாக ஓடிய சிஸ்டம். நடுவில் ஒரே ஒரு பொருள் உள்ளே போயிருக்கிறது. அன்றே தொல்லை ஆரம்பித்திருக்கிறது. அப்படியானால் முதல் வேலை, உள்ளே போனதை வெளியே எடுப்பதுதான். பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, போர்டில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு எடுங்கள். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்துவிட்டாலும் கார்டு சொருகியிருக்கும்வரை போர்டில் 5 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் ரேமை இழுத்தால் நல்ல ஸ்டிக்கும் கெட்டுப்போகலாம்.

அண்ணனின் புது ஸ்டிக்கை எடுத்துவிட்டு, போட்டோஷாப்பில் பெரிய ஃபைல்களைத் திறந்து மூன்று மணி நேரம் ஓட்டினேன். அசையவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "அப்ப ரேம்தான் டூப்ளிகேட்டாம்மா? வாங்கின இடத்துலயே மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வரேன்" என்று எழுந்துவிட்டார்.

இருங்கண்ணா என்றேன். புது ரேமை எடுத்ததும் சரியாகிவிட்டது என்பதால் புது ரேம் கெட்டது என்று ஆகிவிடாது. புது ரேமோடு சேர்ந்து இன்னும் மூன்று விஷயங்கள் மாறியிருக்கின்றன. இதுவரை காலியாக இருந்த ஸ்லாட்டுக்கு வேலை வந்திருக்கிறது. ஒற்றை சேனலில் ஓடிய மெமரி இரட்டை சேனலுக்குப் போயிருக்கிறது. இரண்டு வேறு ஸ்டிக்குகள் ஒரே வேகத்துக்கு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. இதில் எது என்று தெரியாமல் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்து வாங்கும் ஸ்டிக்கிலும் இதே கதைதான்.

ஸ்டிக் இரண்டு, ஸ்லாட் இரண்டு. ஆக நாலு சோதனை. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசமாகக் கிடைக்கிறது. பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்யலாம், விண்டோஸ் தேவையில்லை. பழைய ஸ்டிக் முதல் ஸ்லாட்டில்: பிழை இல்லை. புது ஸ்டிக் அதே முதல் ஸ்லாட்டில், ராத்திரி முழுக்க: பிழை இல்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. மறுநாள் காலையில் பழைய ஸ்டிக்கை, ஆறு வருடம் ஒழுங்காக உழைத்த அதே ஸ்டிக்கை, இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். முக்கால் மணி நேரம் பேசாமல் ஓடியது. பிறகு சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு திரை நிறைய.

டார்ச்சைச் சாய்த்து அந்த ஸ்லாட்டுக்குள் பார்த்தேன். உள்ளே இருந்தது வெறும் தூசி என்றால் ஊதினால் போயிருக்கும். இது பழுப்பு நிறத்தில், பிசுபிசுப்பாக, பல் பல்லாக நிற்கும் பின்களின் அடிவரை ஒட்டியிருந்தது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சாம்பிராணி வாசனை.

"சிஸ்டத்துக்கு மேலதாம்மா சாமி படம். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துல சாம்பிராணி போடுவோம்" என்றார். சூடு தாங்காது என்று கேபினெட்டின் பக்கத்து மூடியையும் வருடக்கணக்காகக் கழற்றியே வைத்திருக்கிறார். ஸ்டிக் இருந்த ஸ்லாட்டின் வாய் அடைபட்டிருந்தது. காலி ஸ்லாட் ஆறு வருடமும் வாயைத் திறந்துகொண்டு அந்தப் புகையை வாங்கியிருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது பின்னும் ஸ்டிக்கும் எப்படியோ தொட்டுக்கொள்ளும். போர்டு சூடேறியதும் அந்தத் தொடுகை விட்டுப் போகும். பேஸ்புக் பார்க்கும்போது வராத ரீஸ்டார்ட் ஆல்பம் ஏற்றும்போது மட்டும் வந்ததன் ரகசியம் அதுதான்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு நாலைந்து தடவை ஸ்லாட்டைக் கழுவி, காய வைத்து, ப்ளோயர் அடித்தேன். இங்கே ஒரு வார்த்தை. ரேமின் தங்க முனையை ரப்பர் வைத்துத் தேய்ப்பது நம் தொழிலில் எல்லோரும் செய்வது. எனக்கும் என் குரு அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அந்தத் தங்கப்பூச்சு மிக மிக மெல்லியது. வேறு வழியில்லாத இடத்தில் மென்மையாக ஒரு தடவை தேயுங்கள், துகளைச் சுத்தமாகத் துடையுங்கள். வருகிற ஸ்டிக்குக்கெல்லாம் பழக்கத்தில் ரப்பர் போடாதீர்கள். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் இன்னொரு சாம்பிராணிக் கதைதான்.

இரண்டு ஸ்டிக்கையும் போட்டு ராத்திரி முழுக்க நாலு பாஸ் ஓட்டினேன். பிழை ஒன்றுகூட இல்லை. எந்தப் பொருளும் புதிதாக வாங்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. சிஸ்டத்தை மாட்டிக் கொடுப்பதற்கு முன் அண்ணனிடம், இந்த எட்டு நாளில் புதிதாக ஏற்றிய படங்களைத் திறந்து பாருங்கள் என்று சொன்னேன். என் மேசையிலேயே உட்கார்ந்து பார்த்தார். ஒரு கல்யாணத்தின் ஃபோல்டர். 1,100 படங்களுக்கு மேல். முதல் இருபது முப்பது சரியாக இருந்தன. பிறகு ஒரு படத்தில் மணப்பெண்ணின் அரக்குப் பட்டின் குறுக்கே பச்சையாக ஒரு பட்டை. இன்னொன்றில் பாதிக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். எண்ணிப் பார்த்தோம், 43 படங்கள். மெமரி கார்டிலிருந்து ஹார்டு டிஸ்குக்குக் காப்பி ஆகும்போது ஒவ்வொரு படமும் ரேம் வழியாகத்தான் போகிறது. அந்த வழியில் கெட்டிருக்கின்றன. காப்பி ஆகிவிட்டது என்று கார்டை அன்று ராத்திரியே காலி செய்து, மறுநாள் வேறு விசேஷத்துக்கும் எடுத்திருக்கிறார்.

தம்பி, தங்கை, இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். ரேம் என்பது என்ன? ஐபிஎம்மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட் 1966-ல் யோசித்து, 1968-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பைத்தான் இன்றும் நம் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர். அந்தக் கெபாசிட்டரில் இருக்கும் மின்சாரம்தான் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்ஜியம். கெபாசிட்டர் ஒழுகும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போல, 64 மில்லி செகண்டுக்குள் ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். சூடு ஏறினால் ஒழுக்கும் ஏறும். சிப் 85 டிகிரியைத் தாண்டினால் அதில் பாதி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். ஒரு 8 ஜிபி ஸ்டிக்கில் இப்படிப்பட்ட குடங்கள் 6,800 கோடிக்கும் மேல். நம் கடைகளுக்கு வருகிற சிஸ்டங்களில் அநேகமாக எதிலும் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி ரேம் இருக்காது. ஒரு பிட் மாறினால் மாறியதுதான், கேட்க ஆளில்லை.

அந்த மாறிய பிட் விண்டோஸின் சொந்த வேலையில் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் வந்து ரீஸ்டார்ட் ஆகிறது. நமக்குத் தெரிகிறது. அதே பிட் ஒரு படத்தில், ஒரு டாலி கணக்கில், பட்டா விண்ணப்பத்தில் இருந்தால் சத்தமே இல்லாமல் டிஸ்கில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே ரேம் போட்டபின் ரீஸ்டார்ட் ஆகிறது என்று ஒருவர் போன் செய்தால், முதலில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். "ஆகும்போது ஆகட்டும், சேவ் பண்ணிப் பண்ணி ஓட்டுங்க" என்று சொல்லாதீர்கள். அவர் சேவ் செய்யச் செய்யக் கெடுவது அதிகமாகிறது.

இதே காரணத்துக்காகத்தான் ஃபார்மட் வேண்டாம் என்கிறேன். சந்தேகமான ரேமை வைத்துக்கொண்டு விண்டோஸ் போட்டால், அந்த விண்டோஸும் அந்த ரேம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. ஃபைல் கெட்டுப்போன புது விண்டோஸ் கிடைக்கும். பிறகு ரேமைச் சரி செய்தாலும் ரீஸ்டார்ட் நிற்காது, தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். டிஸ்க் செக் ஓட விடுவதும் அப்படித்தான்: திருத்துகிறேன் என்று நல்லதையும் சேர்த்துக் கலைக்கும். எனவே மெமரி சுத்தம் என்று தெரிந்த பிறகே டிஸ்கில் கை வையுங்கள். அண்ணன் விஷயத்தில் இன்னொரு இழப்பும் உண்டு. படங்கள் டி டிரைவில் இருந்ததால் தப்பின. முக்கால்வாசி முடித்த ஒரு ஆல்பம் டெஸ்க்டாப்பில் இருந்தது. ஃபார்மட் அடிக்கும் முன் யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஃபார்மட் அடித்தால் சாட்சியும் போய்விடும். கேபினெட்டைத் திறக்கும் முன்பே சிஸ்டம் பாதிக் கதையைச் சொல்லியிருக்கும். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, கெர்னல் பவர் 41 என்ற பதிவைத் தேடுங்கள். அதன் விவரத்தில் பக்செக் கோட் என்று ஒரு எண் இருக்கும். அது பூஜ்ஜியம் என்றால், விண்டோஸுக்கே தெரியாமல் கரன்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்: எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் பேட்டரி, லூசான கேபிள், அதிகச் சூடு என்று அந்தப் பக்கம் தேடுங்கள். 26 அல்லது 80 போல ஒரு எண் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் வந்துதான் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. 26 என்பது மெமரி மேனேஜ்மென்ட். அண்ணனின் சிஸ்டத்தில் நான் பார்த்த ஆறு பதிவிலும் பூஜ்ஜியம் ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு எண்ணைப் பார்த்திருந்தால் எஸ்எம்பிஎஸ் மாற்றிய காசு அவருக்கு மிச்சமாகியிருக்கும். ப்ளூ ஸ்கிரீனைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி அமைப்பில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள். எழுத்து திரையில் அப்படியே நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

ரேம் கூட்டியதும் எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை என்று சொல்கிற பழக்கத்தையும் விடுங்கள். ஒரு ஸ்டிக் இழுப்பது சில வாட்தான். ஆனால் ரேம் மாட்டும்போது கை பட்டு 24 பின் கனெக்டர் லேசாக வெளியே வந்திருக்கலாம். ஸ்டிக்கை அழுத்தும்போது போர்டு வளைந்து, இன்டெல் ஃபேனின் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று விடுபட்டிருக்கலாம். அப்போது ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், பிராசஸர் சூடேறி சிஸ்டம் நிற்கும். இவற்றை விரலால் தொட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய லேப்டாப்களில் டிடிஆர்3, டிடிஆர்3எல் குழப்பம் அடிக்கடி வரும்: முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். நாலாம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்கள் எல் மட்டுமே கேட்கும். லேபிளைப் படியுங்கள். டெஸ்க்டாப்பில் 3200-க்கு மேல் வேகம் போட்ட டிடிஆர்4 ஸ்டிக்குகள் பெரும்பாலும் எக்ஸ்எம்பி போட்டால்தான் அந்த வேகத்தில் ஓடும், அதற்கு 1.2 வோல்ட் போதாமல் 1.35 எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் ஆனால் பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் ஸ்டிக் கெட்டது என்று சொல்லாமல் ஒரு படி வேகத்தைக் குறைத்துக் கொடுங்கள். நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலும் சரியான இடம். டிடிஆர்5 சிஸ்டத்தில் ரேம் மாற்றியதும் திரை கறுப்பாகவே சில நிமிடம் இருந்து, ஓரிரு தடவை தானாக அணைந்து எரிந்தாலும் பதறாதீர்கள். போர்டு அந்த ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது. அப்போது நடுவில் பவரைப் பிடுங்கினால் முதலிலிருந்து தொடங்கும்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகிற மெமரியில்தான் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவருக்கும் கவனம். மைக்ரான் தன் க்ரூஷியல் ஸ்டிக் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. நம் வாடிக்கையாளர்கள் செகண்ட் ஹேண்ட் ஸ்டிக்கைத் தேடுவார்கள், நாமும் விற்போம். தப்பில்லை. ஆனால் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டாமல் எந்தப் பழைய ஸ்டிக்கையும் கைமாற்றாதீர்கள். கரன்ட் செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. அதேபோல நல்லது என்று சோதித்து வைத்த டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஸ்டிக் ஒவ்வொன்றை மேசை டிராயரில் தனியாக, விற்காமல், வைத்துக்கொள்ளுங்கள். விலை ஏறிய காலத்தில் இது கஷ்டம்தான். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ஸ்டிக் கையில் இல்லாமல், போர்டு போச்சு என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வீர்கள்?

அண்ணனின் கார்டை வாங்கி ரெக்கவரி போட்டேன். 43-ல் 36 படம் திரும்பி வந்தது. மீதி ஏழின் மேல் மறுநாள் எடுத்த படங்கள் ஏறிவிட்டிருந்தன. அந்த ஏழில் ஒன்று, நடக்க முடியாத ஒரு தாத்தாவை நாற்காலியோடு மணமேடைக்குத் தூக்கி வந்து, அவர் பேத்தியின் தலையில் அட்சதை போட்ட படம். தாத்தாவின் முகம் இருந்தது. கை நீண்ட இடத்துக்குக் கீழே எல்லாம் சாம்பல். அதை ஜூம் செய்து பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "வீடியோக்காரன் கிட்ட இதே இடம் இருக்கும்மா. அதுல ஒரு ஃபிரேம் எடுத்துப் போட்டுடறேன். அவ்ளோ ஷார்ப்பா வராது" என்றார்.

மாசக் கடைசியில் ஆல்பத்தை பிரின்டுக்கு அனுப்பும் முன் எனக்கும் காட்டினார். ஒன்பதாவது பக்கத்தில் அந்த ஃபிரேம் இருந்தது. கை அசைந்து கலங்கலாகத் தெரிந்தது. அட்சதை ஒவ்வொன்றும் கோடாக இழுபட்டிருந்தது.

அன்புடன்,
உங்கள் அக்கா
ஆரணி